சாவி யார் கையில்? – 14. முன்னால் இல்லாத வண்டி

"காருக்குச் சாம்பிராணி போட்டுப் பாப்பமா?" என்று கேட்டாள் முத்துமாரியம்மாள். "கண்ணு பட்டிருக்கு யோகா. இல்லாட்டி நடுரோட்டுல தன்னால நிக்குமா?"

"தன்னால நின்னுச்சுன்னு இந்த வீட்டுல நீங்க ஒருத்தராவது சொன்னீகளே அக்கா, அது போதும்" என்றாள் யோகேஸ்வரி.

ஓரகத்தி நீட்டிய காபியை வாங்கிக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. நாலைந்து நாளாக அந்த வீட்டில் அவளுக்கு வருவதெல்லாம் ஆறித்தான் வந்தது.

ஆமத்தூர் தாண்டி நடந்த சங்கதியைச் சிவகாசியில் இனி ஒருவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. யோகேஸ்வரி தன்னுடைய மின்சாரக் காரில் விருதுநகருக்குப் போய்க்கொண்டிருந்தாள். முன்னால் ஆள் இல்லை, ஆடு இல்லை, வெறும் ரோடு. கார் திடீரென்று தானே பிரேக் போட்டு நின்றது. பின்னால் பட்டாசு கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் நிறுத்த முடியாமல் வந்து முட்டியது. வேனில் உட்கார்ந்திருந்த மாரிச்செல்வி என்ற பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாவுக்கட்டுப் போடும்வரை கூடவே இருந்தவள் யோகேஸ்வரிதான்.

காரே பிரேக் போட்டது என்று அவள் சொன்னாள். பயத்தில் நீதான் போட்டாய் என்று ஊர் சொன்னது. சர்வீஸ் பார்க்க மதுரையிலிருந்து வந்தவர், அச்சகத்து வளாகத்துக்குள்ளேயே காரை இரண்டு சுற்று மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒண்ணும் இல்ல மேடம். பழகப் பழகச் சரியாயிரும்" என்று சிரித்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கார் ஓட்டுகிறவள் யோகேஸ்வரி. அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை அந்தக் காபியைக் குடித்துவிட்டு அவள் அச்சகத்துக்குள் நுழையும்போதே தங்கச்சாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கணவனின் அண்ணன், முத்துமாரியம்மாளின் வீட்டுக்காரர். அப்பாவின் பெயரில் நடக்கும் 'தெய்வேந்திர விலாஸ் காலண்டர்ஸ்' கம்பெனிக்கு இன்றைய சொந்தக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எதிரில் நிற்பவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிற சுபாவம்.

"சாவிய வச்சிரும்மா" என்றார்.

"எதுக்கு பெரியத்தான்?"

"எதுக்கா? ஒரு பிள்ள கைய ஒடச்சிட்டு வந்து நிக்கிற, எதுக்குன்னு கேக்குற! இனிமே ஒன் லைன ராம்குமாரு பாத்துக்கிரட்டும். நீ வீட்டுல இருந்தே ஃபோன்ல பேசு. ஒன்னைய யாரும் வெளிய தள்ளல."

யோகேஸ்வரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளை அடுக்கிய ஆல்பம் வெளியிட்டாயிற்று. இனிமேல்தான் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற சீசன். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி லைனில் ஒரு கடைக்காரருக்குக்கூட இந்தக் கம்பெனியின் பெயர் தெரியாதிருந்த காலத்தில், பஸ்ஸில் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஏறி இறங்கி ஆர்டர் சேர்த்தவள் அவள். இப்போது தங்கச்சாமியின் மகன் ராம்குமார் சென்னையில் படிப்பை முடித்து வந்து இறங்கியிருக்கிறான். கனிந்த பழத்தைப் பறிக்க ஒரு கை வேண்டும், அதற்கு இந்த விபத்து ஒரு சாக்கு.

"அக்சிடெண்டுக்கும் லைனுக்கும் என்ன பெரியத்தான் சம்பந்தம்? காருலதான் கோளாறு."

"நாலு மாசமா இதே காரு, இதே ரோடு" என்றார் தங்கச்சாமி. பைண்டிங் பிரிவில் காலண்டர் அட்டைக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "அப்பல்லாம் நிக்காத காரு இப்ப எப்பிடி நிக்கும்? காரு மாறலையே! அப்ப மாறுனது யாரு? ஓட்டுறவதான?"

தகரம் அடிக்கிற சத்தம் நின்றது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

அழுதிருக்கலாம். அழுதிருந்தால் தங்கச்சாமிக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் யோகேஸ்வரிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளும் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பது தெரிந்தது. நாலு மாதம் ஒழுங்காக ஓடிய காரில் இப்போது என்ன மாறியது?

"நல்ல கேள்வி கேட்டீக" என்றாள். "சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்றேன்."

"சொல்லாட்டி?"

"நானே வந்து ஒங்க மேசை மேல சாவிய வைக்கிறேன். லைனையும் ராம்குமாருக்கு விட்டுத் தாரேன். ஆனா காருலதான் கோளாறுன்னு நான் காட்டிட்டா, இதே எடத்துல நின்னு, இவுக எல்லாரும் கேக்க, யோகேஸ்வரி மேல தப்பில்லன்னு நீங்க சொல்லணும். சொல்லுவீகளா?"

தங்கச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். "சொல்றேன் தாயி, தாராளமாச் சொல்றேன்!"

லேமினேஷன் அறையின் கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த லட்சுமிகாந்தத்துக்கு வியர்த்தது. அவன்தான் யோகேஸ்வரியின் கணவன். அண்ணன் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசியறியாதவன்.

*

விஸ்வநத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அதற்குப் போகிற ரோடு நீளமானது, நேரானது. கம்பெனி கேட்டோடு முடிந்துவிடுவதால் அந்தப் பக்கம் வண்டி எதுவும் வராது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் யோகேஸ்வரி கணவனைக் கையோடு அழைத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள்.

"காரு ரிப்பேரு பாக்க ஒனக்குத் தெரியுமா யோகா?"

"வீட்டுல மிக்ஸி ஓடலன்னா என்ன செய்யுறோம்? பிளக்கா, ஒயரா, சுவிட்சான்னு ஒவ்வொண்ணாப் பாக்குறோம்ல? அதேதான் இதுவும்."

"இது கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டருன்னா மட்டும் கொம்பா மொளைச்சிருக்கு? ஃபோன எடுங்க. என் காலைப் படம் பிடிங்க."

"காலையா?"

"ஆமா. நான் எப்ப பிரேக்க மிதிக்கிறேன், எப்ப மிதிக்கலன்னு தெரியணும்ல? கல்யாணத்தன்னைக்கு அம்மி மேல வச்சப்பப் பாத்த காலு. இன்னொரு தடவ பாத்தா ஒண்ணும் தேஞ்சு போகாது."

லட்சுமிகாந்தம் குனிந்து ஃபோனைப் பிடித்துக்கொண்டான். இந்தப் பெண்ணை எதிர்த்துப் பேசினாலும் வம்பு, அண்ணனை எதிர்த்துப் பேசினாலும் வம்பு. பேசாமல் இருப்பதை அவன் ஒரு தொழிலாகவே கற்று வைத்திருந்தான்.

முதலில் மெதுவாகப் போனாள். கார் சொன்னபடி கேட்டது. வளாகத்துக்குள் சர்வீஸ்காரர் ஓட்டியதும் இந்த வேகத்தில்தான். திரும்பி வந்து, இந்த முறை கொஞ்சம் வேகம் கூட்டினாள். நாற்பதைத் தாண்டி ஐம்பதைத் தொடப் போகும்போது, பீப் பீப் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோலக் கார் நின்றது. சீட் பெல்ட் இருவரையும் இறுக்கியது. ஃபோன் எகிறி சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது.

"ஐயோ!" என்றான் லட்சுமிகாந்தம்.

"பிடிச்சீகளா?"

"பெல்டத்தான் பிடிச்சேன்."

"ஃபோன எடுங்க. மறுபடி போவோம்."

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. கார் தன்னால்தான் நிற்கிறது! நாலைந்து நாளில் தன்னுடைய காலையே அவள் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். அந்தச் சந்தேகம் இப்போது போய்விட்டது.

இனி, எது நிறுத்துகிறது? காரில் ஓட்டுகிறவருக்கு உதவி என்ற பெயரில் பல வசதிகள் இருந்தன. ரோட்டுக் கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கைத் தானே திருப்பிவிடும் ஒன்று. முன்னால் போகிற வண்டிக்கு ஏற்றபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்னொன்று. எதிலாவது மோதப் போகிறோம் என்று தோன்றினால் தானே பிரேக் போடுவது மூன்றாவது. யோகேஸ்வரி திரையைத் தொட்டு முதல் இரண்டையும் அணைத்தாள். மறுபடி ஓட்டினாள். பீப் பீப். நின்றது.

மூன்றாவதையும் அணைத்தாள். ஓட்டினாள். ஐம்பது, அறுபது, பட்டாசு கம்பெனி கேட் வரைக்கும் கார் வெண்ணெய் மாதிரிப் போனது.

"அம்புட்டுதான், முடிஞ்சுபோச்சு!" என்றான் லட்சுமிகாந்தம். "அத அணைச்சே வச்சிக்கிட்டு ஓட்டு. எதுக்கு வம்பு?"

"அணைச்சு வச்சா, அது ஏன் நிக்குதுன்னு எப்பிடித் தெரியும்? நிசமாவே ஒரு நாளு ஒரு பிள்ள குறுக்க ஓடி வந்தா? அதுக்குத்தான இந்த பிரேக்க வச்சிருக்கான்."

மறுபடி போட்டாள். "இந்தத் தடவ காலைப் பாக்க வேணாம். திரையப் பாருங்க."

ஐம்பதை நெருங்கும்போது லட்சுமிகாந்தம் கத்தினான். "யோகா, முன்னாடி காரு!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரோடு வெறிச்சென்று கிடந்தது. தூரத்தில் ஒரு கருவேல மரம். அவ்வளவுதான். கார் பீப் பீப் என்று நின்றது.

"எங்கன?"

"திரையில! நம்ம காருக்கு முன்னாடி இன்னொரு காரு படம் வந்துச்சு. சடார்னு வந்துச்சு, சடார்னு போயிருச்சு."

யோகேஸ்வரி ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு யோசித்தாள். இல்லாத ஒரு வண்டியைக் கார் பார்க்கிறது. அப்படியானால் கோளாறு காலிலும் இல்லை, பிரேக்கிலும் இல்லை. பார்க்கிற கண்ணில் இருக்கிறது.

"இதுக்குக் கண்ணு எங்கன இருக்குன்னு பாருங்க."

திரையிலேயே காரின் கையேடு இருந்தது. லட்சுமிகாந்தம் எழுத்துக் கூட்டி வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். கேமரா முன் கண்ணாடிக்கு மேலே இருக்கிறது. அதை அவள் புடவைத் தலைப்பால் துடைத்தாள், சுத்தமாகத்தான் இருந்தது. ரேடார் என்று இன்னொன்று. முன் பம்பரின் நடுவில், வழவழப்பான கருப்பு மூடிக்குப் பின்னால். "அந்த மூடி மேல பெயிண்ட் அடிக்கவோ, எதையாச்சும் ஒட்டவோ..."

அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கிக் காரின் முன்னால் போய் நின்றார்கள்.

கருப்பு மூடியே தெரியவில்லை. அதன்மேல் தங்க நிறத்தில் பளபளவென்று வேலும் மயிலும், கீழே 'தெய்வேந்திர விலாஸ் காலண்டர்ஸ், சிவகாசி' என்ற எழுத்தும் மின்னின.

ஆடிப் பதினெட்டன்று தங்கச்சாமி தன் கையால் ஒட்டியது. இந்த வருஷம் ஆல்பத்தோடு வாடிக்கையாளர்களுக்கு ஃபாயில் ஸ்டிக்கர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. முதல் ஸ்டிக்கருக்குக் கற்பூரம் காட்டி, தம்பி வீட்டுப் புதுக் காரின் முன்னால் குனிந்து, "இந்த எடத்தப் பாருங்கலே! ஒட்டுறதுக்குன்னே செஞ்சு வச்சிருக்கான்" என்று சொல்லி அழுத்தித் தேய்த்து ஒட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். யோகேஸ்வரியும்தான் தட்டினாள். அச்சடித்தே பிழைக்கிற குடும்பம். எங்கே ஒரு காலி இடத்தைப் பார்த்தாலும் கம்பெனி பெயர் போடலாமே என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். அந்தக் கருப்புச் சதுரத்துக்கு வேறு ஒரு வேலை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

லட்சுமிகாந்தம் குந்தி உட்கார்ந்து விரலால் தடவினான். கீழ் ஓரம் ஒட்டு விட்டுத் தொங்கியது. ஊதிப் பார்த்தான். அது படபடவென்று ஆடியது.

"ஃபாயில்னா அலுமினியம்தான யோகா" என்றான் மெல்ல. "மெதுவாப் போகும்போது ஆடாது. வேகம் ஏறினதும் காத்துல கெடந்து துடிக்கும். ரேடாரு அந்தத் தகட்டுல பட்டுத் திரும்பினதும், முன்னாடி ஏதோ வண்டி வருதுன்னு இது நெனைச்சிக்கிருச்சு."

"ஒட்டு ஏன் விட்டுச்சு? கம்மு ஒங்க டிபார்ட்மெண்டுதான?"

"சீசன் அவசரம்னு அண்ணன் மலிவா ஒரு கம்மு வாங்கச் சொன்னாரு. நான் வேணாம்னேன்."

"எப்ப வேணாம்னீக?"

"மனசுக்குள்ள."

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் லட்சுமிகாந்தம் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"என்ன செய்றீக?"

"பிச்சிருவோம். சத்தமில்லாம பிச்சிட்டு, ஏதோ சென்சாரு கோளாறு, சரியாயிருச்சுன்னு அண்ணன்கிட்டச் சொல்லிருவோம். அவரு ஒட்டுனது யோகா. அப்பா பேரு, சாமி படம். நீங்க ஒட்டுனதாலதான் ஆச்சுன்னு அவரு மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்றது?"

"சொல்லாட்டி, மாரிச்செல்வி கைய ஒடச்சவன்னு நான் காலம்பூராவும் பேரு வாங்கணும். வாங்கட்டுமா?"

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவளுக்குக் கணவன் மேல் பரிதாபமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

"அது அப்படியே இருக்கட்டும். வண்டியில ஏறுங்க."

*

அச்சகத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, "பெரியத்தான், ஒரு ரவுண்டு வாங்க" என்று கூப்பிட்டாள் யோகேஸ்வரி.

தங்கச்சாமி வந்தார். இந்தக் கூத்து எப்படி முடிகிறது என்று பார்க்க அவருக்கும் ஆசைதான். முன் சீட்டில் உட்கார்ந்தார். லட்சுமிகாந்தம் பின்னால் சுருண்டுகொண்டான். அதே ரோடு, அதே வேகம், அதே பீப் பீப். கார் நின்றது. தங்கச்சாமி இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டார்.

"நீதான் அமுக்கியிருப்ப!"

"அப்பிடியா?" யோகேஸ்வரி கதவைத் திறந்து இறங்கினாள். "இந்தப் பக்கம் வாங்க. நீங்க ஓட்டுங்க."

"நானா?"

"ஏன், ஒங்களுக்குப் பயமா?"

அந்த வார்த்தைக்கு அப்புறம் தங்கச்சாமி ஓட்டாமல் இருப்பாரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். விறைப்பாக ஓட்டினார். ஐம்பதைத் தொடும் முன்னே கார் அவரையும் உலுக்கி நிறுத்தியது. அவருடைய கால் பிரேக்குக்கு ஒரு சாண் தள்ளி, அந்தரத்தில் இருந்தது.

அவர் குனிந்து தன்னுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப யாரு பயந்து போட்டது பெரியத்தான்?" என்று கேட்டாள் யோகேஸ்வரி.

அவள் அவரைக் காருக்கு முன்னால் அழைத்துப் போய்க் காட்டினாள். கையேட்டில் இருப்பதைச் சொன்னாள். தொங்குகிற ஓரத்தைச் சுண்டிக் காட்டினாள்.

"சாமியக் குறை சொல்றியா?" என்றார் தங்கச்சாமி.

"சாமியச் சொல்லல. ஃபாயிலச் சொல்றேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து, ஒரே இழுப்பில் ஸ்டிக்கரை உரித்தாள். லட்சுமிகாந்தம் கண்ணை மூடிக்கொண்டான். யோகேஸ்வரி அதைக் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. வேலும் மயிலும் மேலே தெரியும்படி டேஷ்போர்டின் மேல் வைத்தாள். "இப்ப ஓட்டுங்க" என்றாள்.

தங்கச்சாமி ஓட்டினார். கார் நிற்கவில்லை. ரோட்டின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பியதும், யோகேஸ்வரி ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு அச்சகத்துக்கு ஓட்டினாள்.

வளாகத்தில் பைண்டிங் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றார்கள். முத்துமாரியம்மாளும் வந்திருந்தாள். தங்கச்சாமி காரிலிருந்து இறங்கி, வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தான். ஆனால் தனக்குத் தோதான முறையில் காப்பாற்றுகிறவர்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. யோகேஸ்வரி மேல தப்பில்ல. கார் கம்பெனிக்காரன்தான் கோளாறு வண்டிய நம்ம தலையில கட்டிட்டான். அவன நான் சும்மா விடப்போறதில்ல!"

பெண்கள் முகம் மலர்ந்தது. முத்துமாரியம்மாள் ஓடி வந்து யோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. தப்பில்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். சாவி கையில் இருக்கிறது, லைனும் இருக்கிறது. பேசாமல் வீட்டுக்குப் போய்ச் சூடாக ஒரு காபி குடிக்கலாம்.

யோகேஸ்வரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

காரியாபட்டி அலி அக்பர்! ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அவளுடைய லைனில் முதல் நாளிலிருந்து ஆர்டர் கொடுப்பவர். ஒரு தடவை இந்தக் காரில் ஏறிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கேம்மா" என்று அதே காரை வாங்கிவிட்டார். ஆடிப் பதினெட்டு முடிந்த மறுவாரம் ஆல்பம் கொடுக்கப் போனவள், அவர் காரின் முன்னாலும் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள். மயில் இல்லாமல், பிறையும் பூவும் போட்டுத் தனியாக அடித்த ஸ்டிக்கர். அதே கருப்புச் சதுரம். அதே ஃபாயில். அதே மலிவுக் கம்.

ஒட்டியது தங்கச்சாமி இல்லை. அவளேதான்.

"பெரியத்தான்" என்றாள். "காரு கோளாறு இல்ல. நம்ம ஸ்டிக்கருதான் கோளாறு. அத நாம ஊரெல்லாம் கொடுத்திருக்கோம். காரியாபட்டி பாய் காருலயும் ஒட்டியிருக்கு. புதுக் காரு வச்சிருக்கிறவுக எல்லாருக்கும் இப்பவே சொல்லணும்."

தங்கச்சாமி அவளை ஓரமாக இழுத்துப் பேசப் பார்த்தார். அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"கிறுக்கா ஒனக்கு? சீசன் ஆரம்பம். நம்ம ஸ்டிக்கரால காரு முட்டுதுன்னு நாமளே சொன்னா, ஒரு பய ஆர்டரு தருவானா? அப்பா பேரு என்னாகும்? அந்தக் காரியாபட்டிக்காரன் வண்டியில ஒட்டுனது நீயிதான! நாளைக்கு எல்லாரும் ஒன்னயத்தான் கை காட்டுவாக. இப்பத்தான ஒம் மேல தப்பில்லன்னு சொன்னேன்?"

"காட்டட்டும். நான்தான் ஒட்டுனேன், நானே சொல்லிக்கிறேன்."

"ஸ்டிக்கரு பேச்சு இந்த கேட்டத் தாண்டுச்சுன்னா ஒனக்கு லைனும் கிடையாது, காரும் கிடையாது. சாவிய இங்க வை!" கையை நீட்டினார்.

யோகேஸ்வரி சாவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் ஃபோனை எடுத்தாள். அலி அக்பரின் நம்பரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

எடுத்தது அவர் மனைவி ஹாஃபிஸா. "யோகேஸ்வரிம்மாவா? சொல்லுங்க. அவுக ஃபோன சார்ஜுல போட்டது மறந்து இங்கனயே வச்சிட்டுப் போயிட்டாக."

"எங்கக்கா போயிருக்காக?"

"விருதுநகருக்கு. என் தம்பி வீட்டுல விசேசம். பிள்ளைக ரெண்டையும் கூட்டிக்கிட்டு இப்பத்தான் காருல கெளம்புனாக. கடைய அடைச்சிட்டு நான் பின்னாடி பஸ்ஸுல வாரேன். ஏம்மா, என்ன விசயம்?"

"எந்த ரோடுக்கா?"

"மல்லாங்கிணறு வழியாத்தான். இந்நேரம் ஊரத் தாண்டியிருப்பாக."

கம்பெனி விடுகிற நேரம். ஆட்களை நிறைத்துக்கொண்டு வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிற நேரம்.

"ஹாஃபிஸாக்கா, வண்டிக்கு முன்னாடி நான் ஒட்டுனேன்ல ஒரு ஸ்டிக்கரு, அதுனால காரு நடுரோட்டுல தன்னால நிக்கும். பாய் கூட ஃபோன் வச்சிருக்கிறவுக யாராச்சும் இருந்தா ஒடனே சொல்லுங்க, வண்டிய ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லுங்க. ரோட்டோரம் தெரிஞ்ச கடை இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லுங்க. நான் எதுத்தாப்புல வாரேன்."

அந்தப் பக்கம் "யா அல்லாஹ்" என்று கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.

பைண்டிங் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்துமாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லக்கூடாதது சொல்லியாகிவிட்டது, இனி அள்ள முடியாது. தங்கச்சாமி மட்டும் நீட்டிய கையை மடக்கவே இல்லை. காருக்கும் கேட்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"சாவி!"

"தர மாட்டேன் பெரியத்தான்" என்றாள் யோகேஸ்வரி. "காலைல கேட்டப்ப நான் தோத்தாத் தரேன்னேன். தோக்கல. நாளைக்கு லைன வேணும்னா பறிச்சிக்கிடுங்க, என்னைய வெளிய தள்ளுங்க, நான் பாத்துக்கிறேன். இன்னைக்கு நான் ஒட்டுனத நான்தான் பிய்ப்பேன். வழி விடுங்க."

ஏறி உட்கார்ந்து காரை இயக்கினாள். தங்கச்சாமி அசையவில்லை. "லட்சுமி! கேட்டப் பூட்டுலே!" என்று கத்தினார்.

லட்சுமிகாந்தம் கேட்டை நோக்கி நடந்தான். அண்ணன் சொல்லி அவன் செய்யாத காரியம் இதுவரை ஒன்றுகூட இல்லை. யோகேஸ்வரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணவனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கேட்டின் இரண்டு கதவையும் அகலமாகத் திறந்தான். சங்கிலியையும் பூட்டையும் கழற்றித் தெருப்பக்கம் வீசினான். பிறகு திரும்பி வந்து, அண்ணனின் தோளை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, மிக மரியாதையாக, ஓரமாக நகர்த்தி நிறுத்தினான்.

"போ யோகா" என்றான். "இங்கன நான் பேசிக்கிறேன்."